ரெஜினா எழுதிய நூறு ரூபாய்

காலையில் கடை திறந்ததும் செண்பகம் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவாள். பிறகு, முந்தின நாள் வந்த பணத்தையெல்லாம் செலவழித்துவிட்டு வருவாள். தூத்துக்குடியில் மட்டுமல்ல, நாடு முழுக்க அப்படித்தான். சுழல்தாள் என்ற புது ரூபாய் நோட்டு வந்த பிறகு யாரும் பணத்தை வீட்டில் வைப்பதில்லை.

சுழல்தாளின் மேல்தோலுக்கு மனிதக் கை தெரியும். பத்து நாளைக்குள் புதுக் கை படாவிட்டால் தோல் உப்பிச் சமமாகி, அச்சும் எண்ணும் மேலே கிறுக்கிய மையும் உதிர்ந்து வெள்ளையாகிவிடும். பதுக்கலை ஒழிக்கச் செய்த ஏற்பாடு. எப்படியும் இன்றே கடைக்குப் போகப்போகிற தாள்தானே என்று, வாங்க வேண்டியதை அதன் மேலேயே எழுதி அனுப்பும் பழக்கம் ஜனங்களுக்கு வந்துவிட்டது.

செண்பகத்தின் தெருவிலேயே இருக்கும் படகு மெக்கானிக் சூசையின் மகள் ரெஜினாவும் ஒரு நூறு ரூபாயில் அப்படி எழுதினாள்: 'அப்பா, பல்லுக்குக் கிராம்பு எண்ணெய் வாங்கிப் போடு. நாளைக்குன்னு சொல்லாதே.' அன்று மாலை பஸ் விபத்தில் அவள் போய்விட்டாள். தாள் சூசையின் சட்டைப் பையிலேயே இருந்தது.

வைத்திருந்தால் அழிந்துவிடும், செலவழித்தால் போய்விடும். படம் எடுக்கவும் வழியில்லை. கள்ள அச்சுக்குப் பயந்து, கேமராவுக்கு வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும்படி அதைச் செய்திருந்தார்கள். அதனால் தெருவில் ஏழு பேர் சேர்ந்தார்கள். சூசை டீக்கடையில் கொடுப்பார், டீக்கடைக்காரர் மளிகையில் கொடுப்பார். இப்படியே சுற்றி, கடைசியில் செண்பகத்திடமிருந்து சூசைக்கே திரும்பும். ஒன்பது மாதமாக அந்த எழுத்து உயிரோடு இருந்தது.

இந்த முறை தாள் செண்பகத்திடம் இருந்தபோது, ஒரு வாரத்தில் வருவதாகச் சொல்லி கொச்சிக்கு வேலைக்குப் போன சூசை, புயலில் மாட்டிக்கொண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார். நேராகத் தையல் கடைக்கு வந்தார். செண்பகம் வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சும்மா வைக்கல அண்ணாச்சி. நாலு நாளைக்கு ஒருக்க எங்க வீட்டுக்காரருகிட்ட குடுத்துக் குடுத்து வாங்கினேன். மாதா மேல சத்தியமா."

"நீங்க ரெண்டு பேரு மட்டுமா மாத்தி மாத்தி?"

"ஒங்களுக்கு அடுத்து டீக்கடைக்காரருதான, அவருட்ட குடுக்கப் பயமா இருந்துச்சு. சொந்தக் கண்ணாடிய வடைத் தட்டுல வச்சுட்டுத் தேடுற மனுசன். போன தடவ இத லாரிக்காரன்ட்ட நீட்டிட்டாருல்லா?"

சூசை ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "கடைசியா தொட்ட அஞ்சு கைய அந்தத் தோலு ஞாபகம் வச்சிருக்கும் தங்கச்சி. அதே கை திரும்பத் தொட்டா புதுக் கையா எண்ணாது. அதுக்குத்தான் ஏழு பேரு போட்டோம். ஒங்கிட்ட நா வெளக்கிச் சொல்லியிருக்கணும்."

"திட்டிருங்க அண்ணாச்சி."

"பத்திரமா வச்சதுக்கா திட்டுவாக?"

தாளை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். பேனாவை அழுத்தி எழுதுகிறவள் ரெஜினா. ஒரு பள்ளம்கூடத் தட்டுப்படவில்லை.

"எந்த ஓரத்துல எழுதியிருந்தா?"

"இந்தா, இங்க." செண்பகம் வலது ஓரத்தைத் தொட்டாள்.

சூசை தலையாட்டினார். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அவள் தொட்ட ஓரம் இடதுபக்கம் வந்தது. பிறகு பின்பக்கம் புரட்டினார். எது மேல், எது கீழ், எது முன்பக்கம் என்று இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை.