கைநாட்டுச் சீட்டு

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவுக்குப் போயிருந்த சின்னுசாமி, நான்கு மாதம் கழித்து, ஆடி பிறந்த மறுநாள் மத்தியானம் சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். அக்காவுக்கு வாங்கிய சேலை கையில் இருந்தது.

ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் கழிவுநீர் வழக்கம்போல நாறியது. வீட்டை நெருங்க நெருங்க அதோடு வேறொரு வாடையும் கலந்து வந்தது. குமட்டும் இனிப்பு.

ஜன்னலுக்குள்ளே, பட்டப்பகலில், குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா."

மின்விசிறி மட்டும் கிரீச் கிரீச்சென்று சுற்றியது.

முன்பெல்லாம் வாடகைக்கும் கரண்டு பில்லுக்கும் அவன் மாதாமாதம் மணியார்டர் அனுப்புவான். தபால்காரர் மாரி அக்காவின் கையில் பணத்தைக் கொடுத்துக் கைநாட்டு வாங்குவார். அந்தச் சீட்டு அவனுக்குத் திரும்பி வரும். ஊர் ஊராய் அலைகிறவனுக்கு மாதாமாதம் தபாலாபீஸ் தேடுவது பெரும் தொந்தரவு. கிளம்புவதற்கு முன், பங்குனியில் பேங்கில் எழுதிக் கொடுத்துவிட்டான். இனி வாடகை, கரண்டு பில் இரண்டும் அவன் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும்.

"அப்ப மாரி இனி வரமாட்டானா சாமி?" என்று அன்றைக்குக் கேட்டாள் அக்கா பொன்னாத்தாள். "மாசத்துக்கு ஒருக்காவாச்சும் ஒரு மனுசன் வந்து பேரச் சொல்லிக் கூப்புடுவான்."

"இனி உனக்கு ஒரு சோலியும் இல்லக்கா."

கதவைத் தோளால் இடித்துத் திறந்தான்.

ஈக்கள் முகத்தில் மோதின. ஒன்று வாய்க்குள் போய்விட்டது. கயிற்றுக் கட்டிலில் கிடந்தது பாதி காய்ந்து, பாதி ஒழுகியிருந்தது. கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் கருப்பாய், எண்ணெய்ப் பிசுக்காய் உறைந்து கிடந்தது. அதன்மேல் அரிசியைச் சிந்தியதுபோலப் புழுக்கள். விசிறி அந்த வாடையைச் சலிக்காமல் அவன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்காரர் தங்கசாமி துண்டால் மூக்கைப் பொத்தியபடி வாசலோடு நின்றார்.

"நாத்தம் வந்துச்சுங்க. சேகோ தண்ணின்னு உட்டுட்டோம்."

"இத்தன நாளா ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்களா?"

"ஒண்ணாந்தேதியானா வாடக பேங்குல வந்து உழுந்துருதுங்க. கரண்டு புடுங்கவும் ஆள் வரல. பாக்கி நின்னிருந்தா மொத மாசமே வந்து கதவத் தட்டியிருப்பேன்."

அள்ளித்தான் எடுத்தார்கள். தலைமுடி கட்டில் கயிற்றோடு தங்கிவிட்டது.

பேங்க் ஏற்பாட்டை ரத்து செய்துவிட்டு ரிக்குக்குத் திரும்பினான். சோற்றில் கை வைத்தால் அந்த ஈ நாக்கில் ஊர்ந்தது.

ஆவணியில் ஒருநாள், ரிக் முகாமுக்கு வந்த ஆந்திரத் தபால்காரர் அவனிடம் மூன்று சீட்டுகளைக் கொடுத்தார். மணியார்டர் ரசீதுகள். ஏப்ரல், மே, ஜூன்.

அந்த மாதங்களில் அவன் மணியார்டரே அனுப்பவில்லை.

முதல் சீட்டில் அக்காவின் கைநாட்டு நீல மையில் தெளிவாக இருந்தது.

இரண்டாவதில் மை இல்லை. பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு ரேகை.

மூன்றாவதில் ரேகையோடு தோலும் ஒட்டியிருந்தது.