ஈரல்வாரும் அரைப் பரோட்டாவும்

"பச்சை! வல்லி, பச்சைடி!"

தணிகாசலம் போட்ட கூச்சலில் மருத்துவமனையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே! அவர் இடுப்பில் கட்டியிருந்த ஈரல்வார் ஐந்து வருடத்தில் முதல் தடவையாகப் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டுமா, முதலில் ஈரலைக் கவனி என்பதுதான் அந்தக் கருவியின் சூட்சுமம். ஈரலில் கொழுப்பு ஏறினால் அங்கிருந்து கிளம்பும் நஞ்சு இரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தின் வடிகட்டிகளை அரிக்கும். இன்றைக்கு ஈரல் எவ்வளவு தாங்கும் என்று வார் அளந்து வைத்திருக்கும். அளவு தாண்டினால் அலறும். விருதுநகரில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் இந்த அலறல்தான்.

"அப்ப ஆபரேஷன்?" மனைவி சொர்ணவல்லி கேட்டார். கணவருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக எப்போதோ கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.

"தேவையே இல்லம்மா! ரெண்டும் ஜோரா வேலை செய்யுது." டாக்டர் பர்வீன் வாரைக் கழற்றினார். "சார் நல்ல கட்டுப்பாடு."

"நான் எங்க கட்டுப்பாடா இருந்தேன்? இது கத்தும், தட்டை இவ பக்கம் தள்ளிருவேன். இவ ஒரு பருக்கையை வீணாக்க மாட்டா!" தணிகாசலத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டரின் சிரிப்பு நின்றது. "அம்மா, இதை நீங்க கொஞ்சம் கட்டுங்க."

வார் சிவந்தது. டாக்டர் அதில் ஓடிய அளவுகளைப் படித்தார்.

"ஈரல் பூராக் கொழுப்பு. சர்க்கரையும் இருக்கு, சிறுநீரகத்துல புரதம் ஒழுக ஆரம்பிச்சிருக்கு. இப்பவே கவனிச்சா மீட்டுரலாம். வாரை நீங்களே வச்சுக்கோங்க."

"அது கிடக்கட்டும், இவர் பிழைச்சுட்டார்ல!" என்றார் சொர்ணவல்லி. அவருக்கு அன்று சந்தோஷத்தைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை.

சந்தோஷத்தைக் கொண்டாட இருவரும் நேரே பரோட்டாக் கடைக்குத்தான் போனார்கள். சொர்ணவல்லி பாதி சாப்பிட்டிருப்பார், வார் வீலென்று அலறியது. பழக்க தோஷம், தட்டைக் கணவர் பக்கம் தள்ளினார். அவரும் பழக்கத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாய்வரை கொண்டுபோய்விட்டார். அவர் இடுப்பில் இப்போது அலற ஒன்றுமில்லை.

கை அப்படியே நின்றது. இத்தனை வருடம் தான் தள்ளிய தட்டுகள் எல்லாம் அவர் கண்முன் வந்தன. எழுந்து போய் மிச்சப் பரோட்டாவைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

சிவப்பு விளக்குக்குப் பதறாத சொர்ணவல்லி அப்போதுதான் பதறினார்.

"ஐயோ, என்னங்க இது! முழுசா அரைப் பரோட்டா!"