மலை இரண்டாவது முறை மடிந்தபோது

"நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

சிமென்ட் கலவையைப் பீய்ச்சவிருந்த குழாய்க்கும் வெட்டிய பாறைக்கும் நடுவே வந்து நின்றாள் அந்த நிலவியல் ஆய்வாளர். கையில் சுத்தியல், கூந்தலெல்லாம் தூறல்...

சுரங்கப்பாதை என்ஜினீயர் கோபமாகத்தான் பார்க்க நினைத்தான். அந்தக் கண்கள் விடவில்லை.

"மேடம், மழை பிடிக்கறதுக்குள்ள இந்தச் சரிவை மூடலைன்னா பாறை என் தலையில விழும்."

"மூடிட்டா இந்த மலையோட கதையே போயிடும். உங்க தலையா, மலையான்னு கேட்டா..."

"மலைன்னு சொல்லிடாதீங்க. எங்கம்மாவுக்கு நான் ஒரே பையன்!"

சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு பாறையைத் தொட்டாள்.

"பாருங்க, வளைவுக்குள்ள இன்னொரு வளைவு. ஒரு தடவை நெருக்குண்டு மடிஞ்ச மலை. கோடிக்கணக்கான வருஷம் கழிச்சு, வேற பக்கத்துலேர்ந்து இன்னொரு நெருக்கல்..."

தோளிலிருந்த சால்வையின் ஒரு முனையை அவனிடம் கொடுத்தாள். மடித்தாள். மடித்ததைக் குறுக்கே வளைத்தாள். அடியில் கிடந்த பக்கம் மேலே வந்தது. விரலோடு விரல் பட்டது... இருவரும் அவசரமாக மலையைப் பார்த்தார்கள்.

"அப்போ, தோண்டினா இடிஞ்சு விழும்னு நாங்க பயப்படற அந்த நொறுங்கின பாறை அடுக்கு, மேப்ல இருக்கற மாதிரி கீழே போகலையா?"

"திரும்பி உங்க சுரங்கப்பாதைக்கு நேரா வருது."

அவன் முகம் மாறியது. "இந்த மேப் போட்டவர் சாதாரண ஆள் இல்லைங்க. ஒரே மடிப்புதான்னு அடிச்சுச் சொல்லியிருக்கார்."

"தெரியும். எங்கப்பா."

குழாயை ஓரம் வைக்கச் சொன்னான். பாறைக்குத் தார்ப்பாய் போட்டார்கள்.

வீட்டில் அப்பா வெடித்தார். "நான் பாதி ஆயுசு நடந்த மலை! நீ ஒரு பாறையைப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்றியா?" அதன்பிறகு அவளோடு பேச்சே இல்லை.

"கண்டுபிடிச்சது நான்னு அறிக்கைல எழுதிடறேன்," என்றான் என்ஜினீயர். "உங்க வீட்ல சண்டை வேண்டாம்."

"என் மடிப்பை நீங்க தூக்கிட்டுப் போறதா? நல்லா இருக்கே!" தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். கண்தான் கொஞ்சம் கலங்கியது.

சோதனைக்குத் துளையிட்டார்கள். அவள் சொன்ன இடத்திலேயே நொறுங்கிய பாறை வந்தது. சுரங்கப்பாதையை வேறு பக்கமாக நகர்த்த முடிவானது.

மறுநாள் காலை, கூப்பிடாமலே அப்பா வந்தார். தார்ப்பாயை விலக்கி, வளைவுகளை விரலால் தடவிக்கொண்டே நடந்தார்.

"நான் நடந்தப்போ இதெல்லாம் மண்ணுக்குள்ள இருந்ததும்மா..." குரல் இறங்கியது. "சரி, சுத்தியலைக் குடு. அந்தப் பக்கமும் பார்க்கலாம்."

அவர் முன்னே போக, அவன் மெல்ல அவளருகில் வந்தான்.

"ஒரு சந்தேகம். அவர் மேப்பைத் தப்புன்னு சொன்ன கூட்டத்துல நானும் இருக்கேன். அவர்கிட்டயே வந்து பொண்ணு கேட்டா..."

"முதல்ல பொண்ணுகிட்ட கேளுங்க."

"எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

"எனக்கும்தான்," என்றாள், கண்களை விலக்காமல். "அப்பாகிட்ட நானே சொல்றேன். இதைவிடக் கஷ்டமானதையே சொல்லிட்டேனே!"