அப்பா அழைக்கிறார்...

போன் அடிக்கவே இல்லை.

ஃபெலிசியாவின் மனதை அறுத்துக்கொண்டிருந்தது அதுதான்.

சுவா எஸ்டேட் வீட்டில், டிவிக்கு எதிரே கட்டிலில், அவள் அப்பா ஆரோக்கியநாதன் செத்துக் கிடந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கையில் ரிமோட்... கட்டைவிரல் இன்னும் அதன் மூலைப் பட்டன் மேலேயே!

எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் அவர் பேச்சையும் கால்களையும் கொண்டுபோனது. விட்டுவைத்தது அந்த ஒரு கட்டைவிரலைத்தான்.

அதற்காகவே மகள் ஒரு பெட்டி செய்து டிவி மேல் வைத்திருந்தாள்.

ஃபெலிசியா சிரம்பானில் ஒரு கம்பெனியில் கர்னல் எழுதுகிறவள். கர்னல் என்றால் கம்ப்யூட்டரின் அடிமடியில் ஓடும் சாப்ட்வேர். ரிமோட்டிலிருந்து கிளம்புகிற, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் எவ்வளவு நேரம் எரிந்தது, எவ்வளவு நேரம் அணைந்தது என்று அளந்து, இன்ன ரிமோட், இன்ன பட்டன் என்று எண்ணாக மாற்றும் வேலை அங்கேதான் நடக்கும். அப்பா மூலையிலுள்ள சிவப்புப் பட்டனை அழுத்தினால் அவள் போனும் பக்கத்து வீட்டு மங்கம்மா போனும் அடிக்கும். திரையில் 'அப்பா அழைக்கிறார்' என்று வரும்.

வரவில்லை.

தம்பி பேட்ரிக் சவப்பெட்டி பக்கத்தில் வைத்தே சொல்லிவிட்டான்.

"ஆஸ்பத்திரியில போடலாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். என் பெட்டி இருக்குன்னு சொன்ன. ஒன் பெட்டிதான்க்கா அப்பாவ கொன்னுடுச்சி."

 

அணைத்துக்கொண்டவன் அவள் கணவன் கீத் ஒருவன்தான். கார் விற்பவன், பேச்சில் வெண்ணெய். கடல் தாண்டி பெர்த்தில் நல்ல வேலை கிடைத்தும், 'அப்பா இருக்கிறவரை நான் நகரமாட்டேன்' என்று அவள் சொன்னதற்காகப் பொறுத்துக்கொண்டிருந்தவன். மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று எஸ்டேட்டே மெச்சியது.

"சாப்ட்வேர்னா தப்பு வரத்தான் செய்யும்லா. ஒன் மேல குத்தம் இல்ல," என்றான் கீத்.

குத்தம் இல்லை என்று அவன் சொல்லச் சொல்ல, குத்தம் அவள் நெஞ்சில் இன்னும் ஆழமாக இறங்கியது.

அடக்கம் முடிந்தது. ஃபெலிசியா பெட்டியைத் திறந்தாள். எந்த வரியில் தப்புச் செய்து பெற்றவரைக் கொன்றோம் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நல்லவேளை, சோதனைக்காகப் போட்டிருந்த பதிவை அணைக்க மறந்திருந்தாள். கர்னல் கண்ட ஒவ்வொரு மினுக்கலும் அதில் இருந்தது.

படித்தாள்.



அப்பா அழுத்தியிருக்கிறார்! அழுத்தி, விடாமல் பிடித்திருக்கிறார். பிடித்த விரலை எடுக்காதபோது ரிமோட் அனுப்பும் 'இன்னும் இன்னும்' என்ற குறி வரிசையாக வந்திருந்தது. விட்டிருக்கிறார்... மறுபடி அழுத்தியிருக்கிறார்... பிறகு எதுவும் இல்லை.

ஃபெலிசியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கர்னல் எல்லாவற்றையும் சரியாகவே படித்திருந்தது. ஆனால் வந்த எண்ணில் ரிமோட்டின் அடையாளம் வேறு. அவள் எழுதிய பட்டியலில் இல்லாத அடையாளம். யாருடையதோ என்று கர்னல் தள்ளிவிட்டது.

அன்று அப்பா கையிலிருந்து எடுத்து வைத்த ரிமோட்டைத் தேடி எடுத்தாள். நம் வீடுகளில் ரிமோட் வாங்கிய அன்றே பிளாஸ்டிக் பையில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுவோம். மீன் குழம்புக் கையும் தூசியும் பட்டு மங்கி, உள்ளே இருப்பது என்னவென்று கடவுளுக்கே தெரியாது.

ரப்பர் பேண்டைக் கழற்றினாள்.

உள்ளே... ஃபேன் ரிமோட்!

அதே நீளம். அதே மூலையில் சிவப்புப் பட்டன். அப்பாவின் பழைய பையில் யாரோ திட்டம் போட்டு மாற்றி வைத்தது.

பதிவில் இன்னொன்றும் இருந்தது. அப்பாவின் அழுத்தல்களுக்கு நடுவே, அவர் திணறல் வெளியே கேட்காதபடி டிவி சத்தத்தைக் கூட்டிய பட்டன். அசல் ரிமோட்டின் அடையாளத்தோடு.

அப்பா உயிருக்குப் போராடியபோது அசல் ரிமோட்டோடு எதிரில் ஒருவன் நின்றிருக்கிறான்.

மங்கம்மாவிடம் ஓடினாள். அன்று மத்தியானம் டிவி அலறியது என்றாள் மங்கம்மா. கிராணி ஐயாவுக்குச் சத்தமே பிடிக்காதே என்று கஞ்சியோடு போனபோது அவருக்கு உயிர் இல்லையாம். பின்வாசல் திறந்து கிடந்ததாம்.

லுக்குட் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் யோகேந்திரன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆக்சிஜன் குழாயைக் கழற்றி, காரியம் முடிந்ததும் மாட்டியிருக்கவேண்டும் என்றார்.

"சும்மா புடுங்கிட்டு போயிருந்தா எங்க வேல சுலபம். பழிய ஒங்க பெட்டி மேல போட்டிருக்கான். பெட்டிய யாரும்மா கைது பண்றது? அந்த ரிமோட் யார்கிட்ட இருக்குன்னு காட்டுங்க."

எட்டாம் நாள் ஜெபம். சொந்தம் மொத்தமும் வீட்டில். ஃபெலிசியா பேட்ரிக்கையும் கீத்தையும் வைத்துக்கொண்டு பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"அன்னைக்கு நடந்தது பூராவும் பெட்டி ஞாபகத்துல இருக்கு. சாயங்காலம் போலீஸ் எடுத்துட்டு போறாங்க. அசல் ரிமோட் காணாம போனதும் நல்லதுதான். அதுல மியூட் பட்டன அமுக்கி புடிச்சா எல்லாம் அழிஞ்சிடும்."

பொய். மியூட் எதையும் அழிக்காது. ஆனால் எந்த எண்ணுக்கு என்ன வேலை என்பதைப் பட்டியல்தான் சொல்கிறது, பட்டியல் அவள் கையில். காலையிலேயே ஒரு வரியை மாற்றியிருந்தாள்.

பேட்ரிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன்தான் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. கூடப் பிறந்தவன்... இப்படியா?

எல்லோரும் சாப்பிட வாசல் கூடாரத்துக்கு வந்தார்கள். அப்பாவின் அறை காலி. கறிக்குழம்பு மணத்தது. சொந்தக்காரர்போல மஃப்டியில் வந்திருந்த யோகேந்திரன் அப்பளத்தை நொறுக்கினார்.

அடித்தது போன்!

'அப்பா அழைக்கிறார்.'

மங்கம்மா போனும் சேர்ந்து அடிக்க, கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள், இந்துவாக இருந்தும்.

ஃபெலிசியா பேட்ரிக்கைத் தேடினாள்.

அவன் எதிரிலேயே நின்றான்... கையில் குழம்பு வாளியோடு.

"யாருக்கா?" என்றான்.

அவள் ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

டிவி முன்னால் கீத். கையில் பிளாஸ்டிக் இல்லாத ரிமோட். காலையில் அவள் அழைப்பாக மாற்றிவைத்த மியூட் பட்டனிலிருந்து விரலை இன்னும் எடுக்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஃபெல்... வந்து... இது கார்ல கெடந்திச்சி..."

"நான் கொன்னுட்டேன்னு நெனச்சி எட்டு நாளா சோறு தின்னல கீத். நீங்க ஊட்டி விட்டீங்க."

அவன் முகத்திலிருந்து வெண்ணெய் வழிந்து போயிருந்தது. உள்ளேயிருந்த ஆள் தெரிந்தான்.

"எத்தன வருஷம் காத்திருப்பேன்? அந்த ஆளு சாவவே மாட்டேன்னாரு! நீயும் வரமாட்டேன்ன! எனக்குன்னு ஒரு வாழ்க்க வேணாமா?"

பின்னால் வந்த பேட்ரிக் வாளியைக் கீழே போட்டான். அக்காவின் தோளைத் தொட்டான். 

யோகேந்திரன் கைக்குட்டையால் ரிமோட்டை வாங்கிக்கொண்டு விலங்கை எடுத்தார்.

"பெர்த்துக்கு போணுமாம், சார். அனுப்பி வைங்க," என்றாள் ஃபெலிசியா.

"அவ்ளோ தூரம் முடியாதும்மா." இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டினார். "நம்ம எடத்துக்கு விசா வேணாம். டிவி உண்டு. ரிமோட் மட்டும் வார்டன்கிட்ட இருக்கும்."