அழுத்தாமல் மூடிய சிரை

அழுத்தினால்தான் சிரை மூடும். டாக்டர் மேகலா அழுத்தவே இல்லை. தொடையிடுக்கில் ஸ்கேன் புரோபை ஜெல்லின் மேல் மிதக்கவிட்ட மாதிரிதான் பிடித்திருந்தாள்; ஆனாலும் ஊசி கிட்டே போகும்போதெல்லாம் திரையில் சிரை தெரிந்த கறுப்பு வட்டம் சுருங்கிக் கோடாகிவிட்டது.

“சே! மூணாவது தடவை.”

கட்டிலில் கிடந்த முனிராஜுக்கு முப்பத்திநாலு வயசு. சூளகிரி கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நின்றவன் அப்படியே விழுந்திருக்கிறான். இதயம் நின்று நாற்பது நிமிஷம். சிரையில் ஒரு குழாய், தமனியில் ஒரு குழாய் இறங்கிவிட்டால் பக்கத்து மெஷின் அவனுக்கு இதயமும் நுரையீரலுமாக ஓடும். இன்னும் இருபது நிமிஷத்துக்குள் ஓடியாக வேண்டும். பெரிய டாக்டரோ அத்திப்பள்ளி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, “நீயே பண்ணிடும்மா” என்று போனில் சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன! கதவுக்கு வெளியே அவன் மனைவி ஜோதிமணி நர்ஸுகளின் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

உதவியாள் சந்தோஷ் முனிராஜின் நெஞ்சை அமுக்க அமுக்கக் கட்டில் கிறீச்சிட்டது, ஸ்பிரிட் நெடியும் வேர்வை நெடியும் ஏசிக் குளிரில் கலந்து நின்றது, அவன் எண்ணுகிற குரல் ஒவ்வொரு சுற்றிலும் கரகரத்துக்கொண்டே போனது.

“கொஞ்சம் நிறுத்துப்பா.”

நிறுத்தினான். வட்டம் திறந்தது. மூடியது. திறந்தது.

“சரிதா, நீ எங்கயாச்சும் அமுக்கிட்டிருக்கியா?”

“இல்லீங்க மேடம். என் கை இங்க இருக்குதுங்க.” நர்ஸ் சரிதா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

மேலிருந்து அமுக்கினால் மேல்சுவர்தான் இறங்கும். இங்கே கீழ்ச்சுவர் மேலே ஏறியது. உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி.

ஓட்டை ஸ்கேன் மெஷினைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எரிச்சலோடு ஊசியை மறுபடியும் இறக்கினாள். இந்தத் தடவை வட்டம் மூடவில்லை. காத்திருந்தது போல் அகலத் திறந்து நின்றது. ரத்தம் வந்தது. குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி ஊசி வழியே வழுக்கிக்கொண்டு போனது.

சரிதா இன்னொரு புரோபை நெஞ்சுக்குக் கீழே வைத்தாள். “இதயத்துக்கே வந்துடுச்சுங்க மேடம்!”

வெள்ளைக் கோடாகக் கம்பி தெரிந்தது. மேகலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இவன் பிழைத்துக்கொள்வான்.

“போதுங்க மேடம். இன்னும் தள்ளாதீங்க.”

“நான் தள்ளலடீ.”

கம்பி போய்க்கொண்டிருந்தது.

திரையில், துடிக்காத அந்த இதயத்துக்குள், கம்பியைச் சுற்றி நிழல் திரண்டது. ஒரு விரல். இரண்டு. நான்கு. எதிர்ப்பக்கம் கட்டைவிரல்.

“மேடம்… விட்ருங்க மேடம்!”

விட்டால் கம்பி உள்ளே போய்விடும். முனிராஜும் போய்விடுவான். விடமாட்டேன். இழுத்தாள். அது இழுத்தது.

வெளியே ஒரு முழம் இருந்தது.

ஒரு சாண்.

சாணும் இல்லை.

கையுறை நுனி தொடையிலிருந்த துளையைத் தொட்டது.

துளை விரிந்தது.