திறக்காத மெனு

ஐந்து முட்டைகளும் சில்லிட்டுக் கிடந்தன.

காலை எட்டு மணிக்குக் குஞ்சு பொரிப்பான் பெட்டியைத் திறந்து உள்ளே கை விட்ட காப்பாளர், தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டாள். கதகதப்பாக இருக்க வேண்டிய பெட்டி கல்லுப்போல் குளிர்ந்திருந்தது. ஆற்றில் வெள்ளம் வந்தபோது கூடிழந்த நாரைகளின் முட்டைகள் அவை. இன்றோ நாளையோ ஓட்டுக்குள்ளிருந்து முதல் குரல் வந்திருக்க வேண்டும்.

எட்டரைக்கு அவள் தன் நாத்தனாருக்குப் போன் போட்டாள். அதுவே ஒரு பெரிய செய்தி. வீட்டுக்கு வாங்கிய புதுத் திரைச்சீலையின் நிறத்தைப் பற்றி நாத்தனார் ஏதோ வாய் விட, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று மாதக்கணக்காகிறது.

நாத்தனார் போலீஸ் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனில் அவளுக்கு ‘குடைச்சல்’ என்று பெயர். கேள்வி கேட்டே எதிரில் இருப்பவரைக் குடைந்து எடுப்பதால், சின்ன வயதில் அவள் அண்ணன் வைத்த பெயர் அது. வீட்டுப் பெயர் ஸ்டேஷன் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பதை மட்டும் அவளால் இன்றுவரை துப்புத் துலக்க முடியவில்லை.

“நான்தான் வேணும்னே பெட்டியை நிறுத்திட்டேன்னு டாக்டர் சொல்றாரு. மதியத்துக்குள்ள முட்டையை எல்லாம் குழியில போட்டு மூடிடுவாங்க. நீ கொஞ்சம் வர்றியா?” அண்ணியின் குரல் உடைந்திருந்தது.

குடைச்சலுக்கு அன்று விடுமுறை. போர்வைக்குள் சுருண்டுகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கெஞ்சத் தெரியாத அண்ணி கெஞ்சுகிறாள். குடைச்சல் செருப்பைத் தேடினாள்.

பறவை மறுவாழ்வு நிலையத்தில் முட்டை அறை சின்னதுதான். கண்ணாடி மூடி போட்ட இரண்டு பெட்டிகள், அவற்றுக்கு நடுவே சுவரில் ஒரு தொடுதிரை. அண்ணி மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் முட்டைத் தட்டு, அதைச் சுற்றி அவளுடைய கம்பளிச் சட்டை. கிட்டே வருபவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ மண்வெட்டியால் மண் வெட்டும் சத்தம் கேட்டது.

நிலையத்தை நடத்தும் கால்நடை டாக்டர் குடைச்சலைப் பார்த்ததும் அண்ணி பக்கம் திரும்பினார். “போலீஸைக் கூப்பிடுவேன்னு நான் சொன்னேன். உங்க வீட்டுப் போலீஸையே கூப்பிடச் சொல்லலை.”

“உங்களுக்கு அலைச்சல் மிச்சம் சார்,” என்றாள் குடைச்சல். “என்ன நடந்தது?”

“நேத்து சாயந்திரம் இவங்க லீவு கேட்டாங்க. நான் தரலை. ‘நான் இல்லாம முட்டை எப்படிப் பொரியுதுன்னு பாக்கறேன்’னு சொல்லிட்டுப் போனாங்க. பாத்துட்டோம்.”

“கோவத்துல சொன்னது அது!” என்றாள் அண்ணி.

டாக்டர் திரையைக் காட்டினார். அடியில் ஒரு வரி இருந்தது: ‘கடைசி ஆணை: பெட்டி 1, நிறுத்து. கொடுத்தவர்: காப்பாளர்.’

“எத்தனை மணிக்குக் கொடுத்த ஆணை?”

பதில் கதவருகிலிருந்து வந்தது. “நேரம் காட்டாதுங்க. அடுத்த வாரம் சேக்கலாம்னு இருந்தேன்.” திரைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் அவன். தலைமுடியைப் பார்த்தால் அவனை ஏன் எல்லோரும் சுருட்டை என்று கூப்பிடுகிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

“சூடு போனா அலாரம் அடிக்காதா?”

“தானா நின்னா ஊரைக் கூட்டும். நாமளே நிறுத்தச் சொன்னா அது ஏன் கத்தணும்?”

நியாயம்தான் என்று குடைச்சல் நினைத்துக்கொண்டாள். “முட்டையைப் புதைக்க ஏன் இவ்வளவு அவசரம் டாக்டர்?”

“சாயந்திரம் நிறுத்தினா ராத்திரி முழுக்கக் குளிர். உயிர் இருக்க வாய்ப்பே இல்லை. செத்த முட்டையைச் சூட்டுல வச்சா அழுகி வெடிக்கும். மதியம் புது முட்டைங்க வருது. அதுங்களுக்கும் தொத்திக்கும்.” கடுகடுப்பாகத்தான் சொன்னார். ஆனால் தட்டின் பக்கம் பார்க்காமலே சொன்னார். மனுஷனுக்கு வேதனை இருக்கிறது என்பதைக் குடைச்சல் குறித்துக்கொண்டாள்.

“அண்ணி, நேத்து கடைசியா நீங்க என்ன செஞ்சீங்க?”

“ரெண்டாவது பெட்டியை நிறுத்தினேன். காலிப் பெட்டி. புது முட்டைக்காகக் கழுவணும்ல? கழுவிட்டு, திரையை மறுபடி முதல் பெட்டிக்கு மாத்தினேன். சூடு சரியா இருக்கான்னு பாத்தேன். சரியா இருந்தது. கிளம்பிட்டேன்.”

“உங்க பேர்ல திறந்த திரையை மூடினீங்களா?”

“இங்க யாரும் மூடறதே இல்லை. என் பேர்லதான் எப்பவும் திறந்து கிடக்கும்.”

“அப்ப அந்த வரி சொல்றது, இந்த அறைக்குள்ள வந்த யாரோ ஒருத்தர்னு மட்டும்தான். சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“எங்க மூணு பேர்கிட்டதான்,” என்றார் டாக்டர்.

சுருட்டை அவசரமாகக் கையை உயர்த்தினான். “நான் நேத்து மத்தியானமே போயிட்டேன். வெளியூர்ல தங்கிட்டு இப்பதான் பஸ்ஸை விட்டு இறங்கறேன்.” தோளில் பை அப்படியே தொங்கியது. பையில் பஸ் டிக்கெட்டும் இருந்தது. குடைச்சல் அதையும் வாங்கிப் பார்த்தாள். பெயர் சும்மா வரவில்லை.

“டாக்டர், காலையில நீங்க வந்தீங்களா?”

“தினமும் ஆறு மணிக்கு வருவேன், நடை முடிச்சிட்டு. இன்னைக்கும் வந்தேன். மூடியைத் திறந்து எட்டிப் பாத்தேன். மூக்குக்கண்ணாடி மங்கிப்போய் ஒண்ணும் தெரியலை. மூடிட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே திரையில பெட்டி பட்டனைத் தொட்டேன். மெனு திறக்கலை. இன்னொரு தரம் தொட்டேன். அப்பவும் திறக்கலை. திரை படுத்துக்கிச்சுன்னு விட்டுட்டுப் போயிட்டேன்.”

“மெனு எதுக்கு?”

“மெனுவுக்குத் தலைப்புல பெட்டியோட சூடு எழுதியிருக்கும். அதைப் பாத்துட்டு மூடிடுவேன். அவ்வளவுதான் எனக்கு அதுல தெரியும்.”

சுருட்டைக்குச் சுருக்கென்றது. “திரையெல்லாம் படுக்கலை சார். நேத்து மத்தியானம்தான் பட்டனைப் புதுசா மாத்திக் கொடுத்தேன்.”

“என்ன மாத்தினீங்க?”

“முன்னல்லாம் பட்டன்ல எங்க தொட்டாலும் மெனு இறங்கும். முட்டை திருப்பு, ஈரம், விளக்கு, நிறுத்துன்னு வரிசையா. இப்ப வலது ஓரத்துல ஒரு சின்ன அம்பு வச்சிருக்கேன். அம்பைத் தொட்டாத்தான் மெனு. பட்டனோட உடம்பைத் தொட்டா நேரா வேலை நடக்கும். இவங்கதான் கேட்டாங்க.”

“என்னன்னு கேட்டாங்க?”

“‘பட்டனைத் தொட்டா முன்னாடி செஞ்சதையே செய்யட்டும்’னாங்க. அப்படியே செஞ்சு கொடுத்தேன்.”

குடைச்சல் அண்ணியைப் பார்த்தாள். “அப்படியா கேட்டீங்க?”

“ஆமா. எழுத்துப் பிசகாம அப்படித்தான் கேட்டேன்.”

இரண்டு சாட்சிகள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் போலீஸுக்குச் சந்தோஷம் வர வேண்டும். குடைச்சலுக்கு வரவில்லை. அந்த வாக்கியத்தில் ஏதோ ஒன்று பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியே மண்வெட்டியின் சத்தம் ஆழமாகிக்கொண்டு போனது.

“டாக்டர், ஒரு உதவி. வெளியில போய் அஞ்சு நிமிஷம் குளிர்ல நின்னுட்டு வாங்க. வந்ததும் இந்த முதல் பெட்டியைத் திறந்து, காலையில மாதிரியே எட்டிப் பாருங்க.”

“விளையாடறீங்களா?”

“என் லீவு நாளை இதுக்குத்தான் செலவு பண்றேன்.”

முணுமுணுத்துக்கொண்டே போனார். வந்தார். மூடியைத் திறந்து குனிந்தார். நிமிர்ந்தார்.

“என்ன தெரியுது?”

“என்ன தெரியும்? காலிப் பெட்டி. மூலையில ஒரு இறகு.”

“நல்லாத் தெரியுதா?”

“ஏன் தெரியாம?” என்று சொன்னவர் நிறுத்திக்கொண்டார். கை தானாக மூக்குக்கண்ணாடிக்குப் போனது. அது துடைத்து வைத்தது போலத் தெளிவாக இருந்தது.

“ஆறு மணிக்கு மங்கின கண்ணாடி இப்ப ஏன் மங்கலை டாக்டர்?”

அவர் மெதுவாகச் சொன்னார். “சூடு… ஈரக்காத்து… அப்ப உள்ள சூடு இருந்திருக்கு.”

“ராத்திரி முழுக்க நின்ன பெட்டி காலையில கண்ணாடியை மங்க வைக்காது. உங்க கோவத்துல, நீங்களே சொன்ன சாட்சியம் உங்க காதுல விழலை. பெட்டி நின்னது ஆறுக்கு மேல, எட்டுக்குள்ள. எட்டு மணியில இருந்து முட்டைங்க எங்க அண்ணியோட கம்பளிக்குள்ள இருக்கு. நீங்க பறவை டாக்டர். நான் கேக்கறேன்: ரெண்டு மணி நேரக் குளிர் தாங்குமா?”

“தாய்ப்பறவையே அவ்வளவு நேரம் கூட்டை விட்டுப் போகும்!” டாக்டர் ஜன்னலைத் தள்ளித் திறந்து கத்தினார். “வெட்டறதை நிறுத்துப்பா! குழியை மூடு!” அதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. அம்பைத் தொட்டு மெனுவை இறக்கி, பெட்டியைத் தொடங்கிவைத்து, முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். ஒரு முட்டையும் அசையவில்லை.

“சரி, நிறுத்தினது யாரு?” என்றான் சுருட்டை.

“அதைப் பெட்டியே சொல்லும். அண்ணி, திரையை ரெண்டாவது பெட்டிக்கு மாத்துங்க. அம்பைத் தொட்டு விளக்கு போடுங்க.”

காலிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்தது.

“இப்ப முதல் பெட்டிக்கு மாத்துங்க. நேத்து கிளம்பறப்ப செஞ்ச மாதிரி. டாக்டர், இப்ப நீங்க. காலையில தொட்ட அதே இடத்துல தொடுங்க.”

டாக்டர் பொத்தானின் நடுவில் விரலை வைத்தார். மெனு இறங்கவில்லை. முதல் பெட்டிக்குள், முட்டைகளுக்கு மேலே, விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அந்த விளக்கின் இடத்தில் ‘நிறுத்து’ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

“நிறுத்தின விரல் உங்களோடது டாக்டர்,” என்றாள் குடைச்சல். “மெனு திறக்கலைன்னு சொன்னீங்க. தொட்டது வீணாப் போச்சுன்னு நினைச்சீங்க. அது வேற வேலைக்குப் போயிருக்கு. நிறுத்தவான்னு கேக்காதா, சுருட்டை?”

“மெனுவுல எடுத்தா கேக்கும். பட்டன் உடம்பைத் தொட்டா கேக்காது, சீக்கிரம் நடக்கணும்னு எடுத்துட்டேன். கீழ சின்னதா ஒரு வரி வந்து நிக்கும்.”

“அப்ப இவரோட கண்ணாடி கையில இருந்தது. சரி, உங்க பட்டன் எதை ஞாபகம் வச்சுக்குது?”

“கடைசியா செஞ்ச வேலையை.” அவன் முகம் சிவந்தது. “பெட்டிக்குப் பெட்டி தனியா வைக்காம, பட்டனுக்குன்னு ஒரே ஞாபகமா வச்சுட்டேன். அவங்கதானே முன்னாடி செஞ்சதையேன்னு…”

“நான் சொன்னது பழைய மெஷினை!” என்றாள் அண்ணி. “பழைய மெஷின்ல ஒரே பட்டன். அமுக்கினா முட்டை திரும்பும். முன்னாடி செஞ்சிட்டிருந்த அந்த வேலையை இதுவும் செய்யட்டும்னேன்.”

“உங்களுக்கு முன்னாடின்னா அந்தக் காலம். இவருக்கு முன்னாடின்னா இதுக்கு முந்தின நிமிஷம்,” என்றாள் குடைச்சல். “ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னீங்க, அதனால ஒரே விஷயம்னு நினைச்சுட்டீங்க. எனக்கும் கொஞ்ச நேரம் அப்படித்தான் பட்டது. கைது பண்ணணும்னா அந்த வார்த்தையைத்தான் பண்ணணும்.”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அண்ணியைப் பார்த்து, “உங்களைத் திருட்டு முழி முழிக்கறீங்கன்னு கூடச் சொன்னேன். மன்னிச்சுக்கோங்கம்மா,” என்றார். “நீங்க அந்தக் கம்பளியைப் போத்தி மடியிலயே பிடிச்சு வைக்கலைன்னா, நான் என் கையாலயே உயிரோட புதைச்சிருப்பேன்.”

அண்ணி தலையாட்டினாள்.

மதியம் புது முட்டைகள் வந்து இரண்டாவது பெட்டிக்குள் போயின. சுருட்டை தரையில் சம்மணம் போட்டு மடிக்கணினியைத் திறந்தான். “இப்பச் சொல்லுங்க. பட்டனைத் தொட்டா என்ன செய்யணும்? ‘முன்னாடி’ வேண்டாம், வேற வார்த்தையில சொல்லுங்க.”

“தொட்டா மெனு மட்டும் இறங்கட்டும். எங்க தொட்டாலும் இறங்கட்டும். முட்டை திருப்பறதுக்குத் தனியா ஒரு பட்டன் வை. நிறுத்து கடைசியில, ஒரு கோட்டுக்குக் கீழ இருக்கட்டும். எந்தப் பெட்டின்னு பேரைச் சொல்லிக் கேட்டுட்டு நிறுத்தட்டும்.”

“இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?”

“நீ முதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாம்ல?”

குடைச்சல் சிரித்துவிட்டாள். வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவள் கிளம்பாமல் அண்ணி பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முட்டைகளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. வழக்கு முடிந்துவிட்டது, ஆனால் இந்த அறையில் யாருக்கும் அது போதவில்லை.

“அண்ணி, அந்தத் திரைச்சீலை ஒண்ணும் அவ்வளவு மோசமில்லை.”

“பொய் சொல்லாத. எனக்கே பிடிக்கலை. உங்க அண்ணன் எடுத்தது அது.”

“இதை ஏன் அப்பவே சொல்லலை?”

“நீ கேக்கலையே. ஊரையே குடையறே, என்னை மட்டும் கேக்கலை.”

குடைச்சலுக்கு வாயடைத்துப் போனது. அது அபூர்வம் என்பதால் அண்ணி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்போதுதான் கேட்டது. கதவுக் கீல் கிறீச்சிடுவது போல ஒரு சின்னச் சத்தம். எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவு அசையவில்லை. அண்ணி துள்ளி எழுந்து மூடியைத் திறந்து, விரல் நகத்தால் ஒரு முட்டையை மெல்லத் தட்டினாள். உள்ளிருந்து பதில் வந்தது. அதற்குப் பக்கத்து முட்டை அதற்குப் பதில் சொன்னது.

வெளியே நின்றிருந்த டாக்டர், அவள் துள்ளி எழுந்ததை ஜன்னல் வழியே பார்த்து ஓடி வந்தார். “எத்தனை?” என்றார். “மூணு,” என்றாள் அண்ணி, காதை இன்னும் கிட்டே கொண்டுபோய், “இல்ல, நாலு. இருங்க, இதுவும்! அஞ்சும்!” என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

டாக்டர் பெட்டியின் மேல் குனிந்தார். வெளிக்குளிரிலிருந்து வந்திருந்த அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரே நொடியில் வெள்ளையாக மங்கிவிட்டது. ஒன்றுமே தெரிந்திருக்காது. ஆனாலும் அவர் அதைக் கழற்றித் துடைக்கவில்லை, அப்படியே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.