மான்கள் வெளியேறிய வேலி

அன்று மதியம் எஃபியின் சமையலறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கத்தில், மலையின் வரைபடத்தை இரண்டு டீ கோப்பைகளால் அழுத்திப் பிடித்தபடி எஃபி. அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில், நனைந்த காலுறைகளைக் காயப் போட்டுவிட்டு வெறுங்காலை நீட்டியிருந்த அவள் கணவன் மர்டோ. ஜன்னலோரம், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மான் வேட்டைக்காரர் லாக்லன். நடவு ஆட்களின் மேஸ்திரி ஷோனாவுக்கு நாற்காலி மிச்சமில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவதாக நாய் பிரான். குளிர்காலம் வந்தால் அடுப்படியை விட்டு நகராத நாய். அன்று அது எஃபியின் நாற்காலிக்கு அடியில் சுருண்டு, அவள் கணுக்கால்மேல் மோவாயை வைத்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"வேலிக்கு வெளிய ஒரு குளம்புத் தடம்கூட இல்லை," என்றார் லாக்லன்.

"இல்லாட்டி நல்லதுதானே? அதுக்குத்தானே வேலி போட்டோம்," என்றாள் ஷோனா. "யோவ், மான் வந்தாலும் புலம்புற, வராட்டியும் புலம்புற."

"வேலி போட்டா மான் வராம இருக்காது ஷோனா. உள்ள தளிர் வாசனை அடிக்கும். வெளிய நின்னு கம்பியில மூக்கைத் தேய்க்கும், மயிர் ஒட்டிக்கிட்டிருக்கும். எல்லா வேலியிலயும் அப்படித்தான். இங்க ஒரு மயிர் இல்லை. மலைக்கு இந்தப் பக்கமே மான் இல்லை."

"நீ சுட்டுடுவேன்னு பயந்திருக்கும்," என்றான் மர்டோ.

"இவரு சுட்டா? மான் சிரிச்சே செத்தாத்தான் உண்டு," என்றாள் ஷோனா.

லாக்லன்கூடச் சிரித்துவிட்டார். எஃபிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு, இலையுதிர்காலத்தில் வேலியை அடைத்த நாள் ஞாபகம் வந்தது.

புதுக் காடு வைக்கும் இடங்களில் அது வழக்கம்தான். கடைசிக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஊரே மலையுச்சியில் வரிசையாக நின்று, கம்பால் புதரைத் தட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, உள்ளே நிற்கும் மான்களைத் திறந்த கதவு வழியாக வெளியே தள்ளும். ஒரு மான் உள்ளே தங்கிவிட்டாலும் ஒரு குளிர்காலத்து நடவு அதன் வயிற்றுக்குப் போய்விடும். ஆனால் அன்று யாரும் கூச்சல் போட வேண்டியிருக்கவில்லை. ஈரக் கம்பளியின் வாசனையோடு மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வரிசை நகரத் தொடங்கும் முன்பே, மேலே இருக்கும் பாறைக் குழிப் பக்கத்திலிருந்து மான்கள் பாய்ந்து வந்தன. மனிதர்களின் தோள்களை உரசிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய, குட்டிகளை மிதித்துக்கொண்டு, வாயில் நுரையோடு, ஒரு சத்தமும் எழுப்பாமல் கதவு வழியாக வெளியே கொட்டின. ஊர் கைதட்டியது. லாக்லன் சங்கிலியை மாட்டினார். ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை என்று எஃபி எல்லோருக்கும் விஸ்கி ஊற்றிக் கொடுத்தாள்.

அந்தப் பாறைக் குழியை வேலிக்குள் சேர்த்தவள் அவள்தான். சேர்த்தால் வரைபடத்தில் கோடு நேராக வந்தது.

"மேல் வரிசையில கன்னுக்கு மாட்டின குழாயெல்லாம் சாஞ்சு கிடக்கு," என்று ஷோனா எழுந்தாள். "இருட்டறதுக்குள்ள நிமிர்த்திட்டு வந்துடுவோம். எஃபி, நீ வராதம்மா. உன் மூஞ்சி வெளிறிக் கிடக்கு. காலையிலயும் வாந்தி எடுத்தியாம், மர்டோ உளறிட்டான்."

"ஏய், நான் எங்க உளறினேன்?"

"இப்ப உளறிட்டியே!"

எஃபி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மர்டோவை முறைத்தாள். இந்தக் குழந்தை ஓடியாடும் வயதில் பிர்ச் மரங்கள் அதன் தலைக்குமேல் நிற்க வேண்டும். இந்தக் காடே அதற்காகத்தான். அவள் எழுந்து காலணியை மாட்டினாள். பிரான் வாசற்படி வரை வந்தது. அங்கேயே சிறுநீர் விட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டது.

லாக்லன் வேலிக்கு வெளியே தடம் பார்த்துக்கொண்டு கதவருகே நின்றுகொண்டார். மற்ற மூவரும் உள்ளே போனார்கள். டிசம்பர் வெளிச்சம் அப்போதே மங்கிவிட்டிருந்தது. முயலும் எலியும் கடிக்காமலிருக்க ஒவ்வொரு கன்றுக்கும் பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தார்கள். மலை முழுக்க, வரிசை வரிசையாக, முழங்கால் உயரத்தில் வெளிறிய குழாய்கள். காற்று அவற்றின் வாய்களை உரசும்போது வெற்றுப் பாட்டிலில் ஊதினால் எழும் ஓசை எழும். ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில், தாழ்ந்து, இழுத்து, மலையே மூச்சு விடுவதுபோல. எஃபிக்கு அது பழகிய ஓசை, பிடித்த ஓசையும்கூட. ஷோனா முன்னால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு. மர்டோ நடுவில். சதுப்பு காலை இழுத்ததால் எஃபி பின்தங்கினாள்.

சாய்ந்த குழாய்கள் காற்றில் சாய்ந்தவை அல்ல. மேற்கிலிருந்து அடிக்கும் காற்று கிழக்கே அல்லவா தள்ள வேண்டும்? இவை எல்லாம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தன, கதவை நோக்கி, அகலமாக, ஒரே தடமாக. மண்ணில் கால் பதிந்த அடையாளம் இல்லை. இறைச்சிக் கடையின் பின்கட்டுபோல ஒரு நாற்றம்.

"இங்க எதையோ இழுத்துட்டுப் போயிருக்கு," என்றான் மர்டோ.

அப்போது மேல் வரிசைக் குழாய்கள் ஊதுவதை நிறுத்தின.

காற்று நிற்கவில்லை. எஃபியின் முகத்தில் அது அடித்துக்கொண்டுதான் இருந்தது. மேல் வரிசை மட்டும் அடங்கியது. பிறகு அதற்குக் கீழ் வரிசை. பிறகு அடுத்தது. எதுவோ காற்றை மறைத்துக்கொண்டு, குழாய்களின் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி வருவதுபோல, மௌனம் வரிசை வரிசையாக இறங்கியது.

"ஷோனா," என்றாள் எஃபி. "ஷோனா, வா. கீழ வா."

"என்னடி இப்போ?" ஷோனா திரும்பினாள். சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

அவளைச் சுற்றியிருந்த குழாய்கள் அடங்கின.

ஷோனா கீழே விழவில்லை. மேலே போனாள். ஒரு காலணி மட்டும் சதுப்பில் நின்றது, உள்ளே பாதத்தோடு. ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம், நீளமாக. பிறகு வெதுவெதுப்பான மழை எஃபியின் உதட்டில், கண் இமையில். மண்வெட்டி வெகு தூரத்தில் போய் விழுந்தது. அதன் பிடியில் கை இருந்தது.

"ஓடு!" என்று மர்டோ அலறினான்.

ஓடினாள். குழாய்கள் முழங்காலில் மோதி உடைந்தன. விழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பின்னால் மௌனம் துரத்தியது. கீழே லாக்லன் சுட்டார். மறுபடி சுட்டார். குண்டு எதிலோ பட்டது. ஈரச் சேற்றில் கல் விழுந்த சத்தம். மௌனம் நிற்கவில்லை.

கதவு. சங்கிலி. வெளியே.

திரும்பினாள். மர்டோ வந்துகொண்டிருந்தான். ஒரு தோள் இல்லை. இருந்தும் ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு வரிசை. ஒரே ஒரு வரிசைதான் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

"பூட்டு!" என்றார் லாக்லன்.

"மர்டோ வர்றான்!"

"அதுவும் வருது. பூட்டு எஃபி!"

கடைசி வரிசை அடங்கியது.

கதவைச் சாத்தியது அவள் கைதான். சங்கிலியை மாட்டியதும் அவள் கைதான். மர்டோ கம்பி வலைக்குள் விரல்களைக் கோத்து அவளைப் பார்த்தான். கோபமில்லை. புரியாத முகம். "எஃபி?" என்றான், சாவியை மறந்து வந்தவன் வாசலில் நின்று கூப்பிடுவதுபோல.

பின்னாலிருந்து இழுத்தது. அவன் விடவில்லை. வலை வளைந்தது. மறுபடி இழுத்தது. அவன் போனான்.

விரல்கள் வலையிலேயே இருந்தன. நான்கும். ஒன்றில் மோதிரம்.

வேலி நின்றது.

மீட்புக் குழு வருவதற்கு முன் லாக்லன் கத்தியால் அந்த விரல்களை எடுத்துத் துணியில் சுற்றினார். இரவெல்லாம் பெய்த மழை மற்றதைக் கழுவிவிட்டது. மூடுபனியில் மர்டோவும் ஷோனாவும் சதுப்பில் அமிழ்ந்துவிட்டார்கள் என்று எஃபி சொன்னாள். ஆட்கள் மலையெங்கும் தேடினார்கள். தேடியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வயிறு நிறைந்திருந்தது அதற்கு. உண்மையைச் சொல்லியிருந்தால் வேலியைப் பிரித்துத் தேடியிருப்பார்கள். வேலிக்குக் கீழே அவள் வீடு. அதற்கும் கீழே ஊர்.

"மானைத் தின்னுக்கிட்டு அது பாட்டுக்கு மலை மலையா சுத்திக்கிட்டு இருந்திருக்கு," என்றார் லாக்லன் ஒரு நாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "நாம மானையெல்லாம் வெளிய விரட்டிட்டு அதை உள்ள வச்சுப் பூட்டிட்டோம்."

மான்களைத் திரும்ப உள்ளே ஓட்டிப் பார்த்தார். அவை கதவைக் கண்டதும் திரும்பி அவரையே முட்டிக்கொண்டு ஓடின. பிறகு ஆடுகளை விட்டார். தன் மந்தையில் பாதியை. கொஞ்ச நாள் வேலி அமைதியாக இருந்தது. ஆடுகள் தீர்ந்தன. வேலிக் கம்பங்கள் வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்தன. மற்ற மூன்று பக்கங்களில் அல்ல, வீட்டைப் பார்த்த பக்கத்தில் மட்டும். அடியில் மண் விரிசல் விட்டிருந்தது. எஃபி ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள். வயிற்றுக்குள் குழந்தை முதன்முதலாக அசைந்தது அப்போதுதான்.

அவள் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். தெளிவான கையெழுத்து, ஓரம் விட்டு, தேதி போட்டு. கிளாஸ்கோவில் இருக்கும் மரம் நடுவோர் சங்கத்துக்கு. போன வசந்தத்தில் வந்து உதவியதற்கு நன்றி. குளிரில் நிறைய கன்றுகள் பட்டுப்போய்விட்டன. அவற்றுக்குப் பதில் புதியவை நட ஆட்கள் தேவை. கையுறையும் நல்ல காலணியும் கொண்டு வரவும். மதிய உணவு எங்கள் பொறுப்பு. மேல் வரிசையிலிருந்து தொடங்குவோம்.

லாக்லன் நின்றபடியே வாசித்தார்.

"கொழந்தைங்களையும் கூட்டிட்டு வரலாம்னு எழுதியிருக்கியேம்மா."

"போன வருஷமும் எழுதியிருந்தேன். இந்த வருஷம் எழுதாம விட்டா ஏன்னு கேப்பாங்க."

லாக்லன் கடிதத்தை மேசைமேல் வைத்தார். அவள் அதை மூன்றாக மடித்து உறையில் போட்டு, பசையை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். வெளியே தபால் வேன் ஹாரன் அடித்தது.

"இன்னும் காடு காடுன்னுதான் இருக்கியாம்மா?" என்றார் தபால்காரர், உறையின் முகவரியைப் பார்த்துவிட்டு. "நல்லதுதான். மர்டோவுக்கும் அதான் ஆசை."

"ஆமா," என்றாள் எஃபி.

வேன் புறப்பட்டது. நல்ல காற்று, மலை முழுக்கக் குழாய்கள் ஊதிக்கொண்டிருந்தன. அவள் வாசலில் நின்று கேட்டாள். மேல் வரிசை அடங்கியது. அதற்குக் கீழ் வரிசை. அடுத்தது. அடுத்தது. கடைசி வரிசையும் அடங்கியபின், வேலியின் வலை மெல்ல, மிக மெல்ல, வீட்டை நோக்கிப் புடைத்தது. வேன் வளைவில் திரும்பி மறையும்வரை அப்படியே நின்றது.